கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தால்

கதவு திறந்ததும் அவர் ஆளைப் பார்ப்பதில்லை, பூட்டைப் பார்க்கிறார். ஓட்டுக் கேட்டு வந்தவர் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டாமா? இவர் குனிந்து, "இத யாரு மாட்டினது? ஒரு ஸ்க்ரூ லூசா நிக்குதே" என்கிறார். வீட்டுக்காரர் குழம்பிப்போய், "நாங்க கூப்பிடலையே மாஸ்டர்" என்கிறார். அதன் பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டுகிறார். "பாராளுமன்றத்துக்கு நிக்கிறேங்க. சுயேச்சை." சொல்லும்போதே குரல் பாதியாகிவிடுகிறது, கை தவறி எதையோ உடைத்துவிட்டு ஒப்புக்கொள்கிறவர்போல.

எங்கள் பகுதிக்கே அவர்தான் சாவிக்காரர். செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, ஒரு பீரோ வைக்கிற அகலத்தில் அவர் கடை. உள்ளே அவர் நின்றால் வாடிக்கையாளர் தெருவில்தான் நிற்க வேண்டும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். லாரி போனால் எல்லாம் சேர்ந்து கிலுகிலுக்கும். வயது ஐம்பத்தாறு. விரல் நுனிகள் பித்தளை நிறத்துக்கு மாறிப் பல காலம் ஆயிற்று. வலது காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எழுதுவதற்கல்ல. பூட்டுக்கு எண்ணெய் விடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "எண்ணெய் தூசியப் புடிச்சு வச்சுக்கும்மா. நாளாவட்டத்துல பூட்டு செத்துடும். பென்சில் முனையச் சுரண்டி உள்ள ஊதிவிடுங்க. சத்தமில்லாம வேலை செய்யும்."

தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வாசலையும் பார்த்து ஏதோ முணுமுணுப்பார். கிட்டே போய்க் கேட்டால், "ரெண்டு நிமிஷம்... அர நிமிஷம்... இது பரவால்ல, ஏழு." சாவி இல்லாமல் திறக்கத் தனக்கு எவ்வளவு நேரமாகும் என்கிற கணக்கு. அவர் மனைவி அவரோடு நடப்பதையே விட்டுவிட்டார். "இவர் கூடப் போனா ரெண்டு பேரையும் சேத்துல்ல உள்ள வைப்பாங்க" என்பார்.

இந்தக் கணக்கு தெரிந்தும் மக்கள் அவரைக் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பூட்டு திறந்ததும், கதவைத் தொடாமல், முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவார். வீட்டுக்காரர் உள்ளே போய்க் குரல் கொடுக்கும்வரை திரும்ப மாட்டார். "உள்ள என்ன இருக்குங்கிறது சாவிக்காரனுக்கு வேண்டாத விஷயம்." முப்பது வருடம் அப்படித்தான்.

போன வருடம் ஒரு காலையில் அரசாங்க ஆபீஸிலிருந்து வந்து அழைத்துப்போனார்கள். சாலையை அகலப்படுத்த ஒரு குடியிருப்பைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கடைசி வீடு மட்டும் பூட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை என்றார்கள். நான்கு நிமிடத்தில் திறந்தார். வழக்கம்போலத் திரும்பப்போனபோது, பூட்டிலேயே இருந்த அவர் கையை, உள்ளே சற்று விலகிய கதவு திரும்பத் தள்ளியது. "காத்துன்னுதான் நெனச்சேன். காத்துன்னா விட்டு விட்டுத் தள்ளும். இது விடாம தள்ளுச்சு." அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை, மடியில் புத்தகப் பையோடு தரையில் உட்கார்ந்து, கதவுக்கு முதுகைக் கொடுத்துக் குதிகாலை ஊன்றிக்கொண்டிருந்தது. "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க" என்றது.

"ஆள் இருக்கேங்க" என்று இவர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்.

"எல்லாம் சட்டப்படிதான்யா."

"அந்தச் சட்டத்த எங்க போய் மாத்துறது?"

"ம்... பாராளுமன்றத்துல போய்க் கேளு."

அதிகாரி சிரித்தார், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். இவர் மட்டும் அதை ஒரு முகவரியாக எடுத்துக்கொண்டார்.

துண்டுத்தாளில் இருப்பது இவ்வளவுதான்: "கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தால் பூட்டைத் திறக்கக் கூடாது. இதற்கு ஒரு சட்டம் வேண்டும்." கீழே கடை விலாசம். "சரி, தண்ணிக்கு என்ன செய்வீங்க? பஸ்ஸுக்கு?" என்று கேட்கிறவர்களிடம், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சதத்தானே சொல்ல முடியும்" என்கிறார். கேட்டவர் தாளைத் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கமாவது ஏதாவது இருக்குமோ என்று. பின்பக்கம் வெள்ளை.

செல்போன் கடைக்காரருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "மந்திரி சார், ஒரு பீரோ சாவி வெட்டணுமாம். இப்பவே வெட்டுறீங்களா, பதவி ஏத்துக்கிட்டு வந்து வெட்டுறீங்களா?" இவரும் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுப்பார். கேலி அவரை ஒன்றும் செய்யவில்லை. அவரைச் சாய்த்தது வேறு ஒரு பேச்சு. பெரிய கட்சிகளின் ஆட்கள் மேடையில் அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீடு வீடாகப் போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள்: "எதுக்கும் பாத்துக்கங்க. உங்க வீட்டுச் சாவி ஒண்ணு அவன்கிட்ட இருக்கும்."

மூன்று வாரத்தில் இரண்டு தெருக்களில் பூட்டு மாறிவிட்டது. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, ஓட்டுக் கேட்டுப் போனபோது அவரே பார்த்துக்கொண்டார். ஒரு வாசலில் நின்று வெகுநேரம் தலையை ஆட்டினார். "பத்து நிமிஷப் பூட்டக் கழட்டிட்டு அர நிமிஷத்த மாட்டியிருக்காங்களே." அந்த வீட்டில் தாளைக் கொடுக்காமலே திரும்பினார். அவர் மனைவிதான் வெடித்தார்: "ஓட்டு போனாப் போகட்டும். உங்க கைமேல இருந்த நம்பிக்கை போச்சே. அத எந்த எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வாங்கப்போறீங்க?"

ஒரே மகள். எங்கள் மாடியிலேயே எதிர் வீடுதான். மருமகன், குடியிருப்பைக் காலி செய்த அந்த அரசாங்க ஆபீஸிலேயே குமாஸ்தா. மதியம் கடையை அடைத்துவிட்டு இவர் வந்தால், தன் சாவியால் திறந்து, மகள் மூடி வைத்துவிட்டுப் போனதைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். மகள் குடிவந்தபோது அவர் கையாலேயே மாட்டிய பூட்டு அந்தக் கதவில் இருந்தது. "பதினாறு நிமிஷம்" என்று எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "எனக்கே!"

மனுத்தாக்கல் முடிந்த வாரம், மாடிப்படி முகப்பில் நின்று மகள் பேசியது எங்கள் சமையலறைவரை கேட்டது.

"வெள்ளிக்கிழம மூணு மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாமாம்ப்பா. வாங்கிடுங்க."

"யோசிக்கிறேம்மா."

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? ஜெயிக்கப்போறதில்லன்னு உங்களுக்கே தெரியும். உங்க மாப்பிள்ளையத் தூக்கி எங்கயோ ஒரு மூலை ஆபீஸ்ல போடப்போறாங்க. யார் வீட்டுப் பிள்ளையோ கதவுக்குப் பின்னால இருந்தது தெரியுது. நான் இருக்கிறது தெரியலையா?"

அவர் ஒரு படி கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

"வாங்கலன்னா இனிமே இங்க வராதீங்கப்பா" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. கதவு சாத்திக்கொண்டது. இரண்டு நாள் கழித்து மருமகன் ஒரு தச்சரைக் கூட்டிவந்து அந்தப் பதினாறு நிமிஷப் பூட்டைக் கழற்றினார். புதுப் பூட்டு ஒரே சண்டித்தனம். வேலை விட்டு வந்து மகள் அதோடு மல்லுக்கட்டுவது தினமும் கேட்கும். கதவைப் பிடித்து இரண்டு தடவை உலுக்கினால்தான் சாவி திரும்பும்.

வெள்ளிக்கிழமை அவர் வாபஸ் படிவத்தை நிரப்பி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டரைக்கே தேர்தல் ஆபீஸில் இருந்தார். நடந்ததைப் பிறகு அவர் மனைவி என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். இவரைக் கண்டதும் அங்கிருந்த எழுத்தர், "நல்லவேள வந்தீங்க மாஸ்டர்!" என்று எழுந்தாராம். மேஜை இழுப்பறையில் சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஆபீஸ் முத்திரை உள்ளே. எழுத்தர் கையில் நெம்புவதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர். இவர், "ஐயையோ, ஒடைக்காதீங்க" என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒடிந்த துண்டை ஊசியால் மயிரிழை மயிரிழையாக வெளியே கொண்டுவந்தார். இழுப்பறை திறந்தது. பழக்கம் விடுமா? எழுந்து, இழுப்பறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். நின்ற இடத்துக்கு நேர் எதிரே சுவரில் கடிகாரம். மூன்று மணி ஐந்து நிமிடம்.

"வாபஸுக்கு வந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்?" எழுத்தர் பாவம், உள்ளே போய்க் கெஞ்சிப் பார்த்தார். நேரமென்றால் நேரம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒடச்சிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

"ரெண்டு நிமிஷம்."

அன்று மாலை ஐந்து மணி இருக்கும். குப்பைக் கூடையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தேன். எதிர் வாசலில் அவர் நின்றிருந்தார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தட்டியதும் நின்றுவிட்டது.

"நான்தாம்மா."

கதவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனார்.

"வாங்கத்தாம்மா போனேன். நேரமாயிடுச்சு."

கதவின் அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. நின்றதே தவிர, அசையவில்லை. அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் பூட்டுக்குப் போயிற்று. சாவித் துவாரத்தைச் சுற்றிலும் புதுக் கீறல்கள். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அது அரை நிமிஷப் பூட்டு என்பது இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கே தெரிந்தது.

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். சட்டைப் பையிலிருந்த படிவத்தைப் பிரித்து நீளவாட்டில் மடித்து, அந்த மடிப்புக்குள் பென்சில் முனையைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். தாளின் நுனியைச் சாவித் துவாரத்தில் வைத்து, அந்தப் பக்கம் நிற்கிறவர்மேல் பட்டுவிடாதபடி, மெதுவாக ஊதினார்.