அழகுக்காக அறைந்த பலகைகள்

சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில் என்ற இடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முகப்பில் கறுப்புப் பலகைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இடையில் வெள்ளைச் சாந்து. இங்கிலாந்துக் கிராமத்து வீட்டைப் போல என்று வீட்டு ஏஜென்ட் பெருமையாகக் காட்டினார்.

எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது. சிட்னிக்கு வருமுன் இங்கிலாந்தில் அப்படியொரு வீட்டில் சில வருடங்கள் இருந்தவள் நான். அங்கே அந்த மரங்கள்தான் வீடு. பருத்த ஓக் தூண்களையும் உத்திரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மர ஆணியால் இறுக்கியிருப்பார்கள். கூரையின் பாரம் முழுவதும் அவற்றின் மேல். இடைச்சுவர் குச்சிகளைப் பின்னி, களிமண் அப்பி, சுண்ணாம்பு பூசியது. நனைந்தாலும் காற்றுப் பட்டு உலர்ந்துவிடும். இங்கேயோ செங்கல் சுவரில் மெல்லிய பலகைகளை ஆணியால் அறைந்திருந்தார்கள். பின்னால் இறங்கிய மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பலகையை உக்கவைத்தது.

வாசலுக்கு மேலே ஒரு பலகை விலகி நிற்பதை ஏஜென்டிடம் காட்டினேன். பிறகு போனிலும் சொன்னேன்.

"அது பாரம் தாங்கும் மரமில்லை, அழகுக்குத்தான். விழுந்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்றார்.

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லைத்தான். காற்றடித்த ஒரு காலையில், குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போன என் கணவரின் தோளில் அந்தப் பலகை விழுந்து எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். அவர் முதலில் கேட்டது சுவரில் வெடிப்பு ஏதும் உண்டா என்று.

மறுநாள் ஏணி வைத்து ஏறினேன். கட்டுப்போட்ட கையோடு கணவர் கீழே நின்றார்.

"இஞ்ச பாரும், இது அவங்கட வீடு. தொட்டா வீட்ட விட்டு எழும்பச் சொல்லிப்போடுவாங்கள்."

"சொல்லட்டும். நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

கம்பியைக் கொடுத்து நெம்பினேன். துருப்பிடித்த ஆணிகள் கையோடு வந்தன. பலகையின் உட்புறம் தேநீரில் ஊறிய பாண் துண்டு போல இருந்தது. விரல் உள்ளே இறங்கியது. வாசலுக்கு மேலிருந்த அத்தனையையும் பிடுங்கிப் புல்லில் எறிந்தேன். கோபத்தில் அழுகை வந்தது.

மத்தியானம் ஏஜென்ட் வந்தார். "வீட்டின் தோற்றத்தையே கெடுத்துவிட்டீர்களே."

உக்கிய பலகை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "என் மகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இதற்குக் கீழேதான் நிற்கிறவள். நீங்கள் நிற்பீர்களா?"

அவர் அதைக் கீழே போட்டார். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

என் கணவரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் மறுத்துவிட்டார்கள். இப்போது வேறு வீட்டில் இருக்கிறோம். அவருக்கு இன்னும் கை முழுதாக உயருவதில்லை. சட்டை போட நான் பிடித்துவிட வேண்டும். ஒவ்வொரு காலையும் அந்த ஏஜென்டை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் பொத்தான் பூட்டுகிறேன்.