அண்ணன் கடைந்த பித்தளைக் குமிழ்

எங்கள் வீட்டில் ஒரு லேத் மெசின் இருக்கிறது என்று சொன்னால், ஆட்கள் முதலில் என் கணவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டுவார். அவருக்கு வயலும் மாடும் போதும். இரும்பு, பித்தளை, கிறீஸ் எல்லாம் என்னுடைய பாடு.

நான் பல்லுக்கட்டுச் செய்கிறவள். நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில், பல் டொக்டர்மாரின் அறைகளுக்குப் பின்னால் உள்ள சின்ன ஆய்வுகூடத்தில் வேலை. மெழுகில் உருச் செய்து, அச்செடுத்து, உலோகம் வார்த்து, தேய்த்து, மினுக்கி, இன்னொருவருடைய வாய்க்குள் உறுத்தாமல் உட்காரும்படி ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். அந்த வேலையில் கை பழகிய பிறகு, வாய்க்குள் போகாத எதையாவது செய்து பார்க்க ஆசை வந்தது. பழைய ஜப்பான் மெசின்கள் விற்கிற கடையொன்றில் மேசையில் வைக்கக்கூடிய சின்ன லேத் ஒன்றை வாங்கினேன். அது மண்முனைப் பாலம் தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு லொறியில் வந்து இறங்கிய அன்று, பக்கத்து வளவுக்காரர்கள் அரிசி மெசின் என்று நினைத்து நெல்லோடு வந்தார்கள்.

மாட்டுக்கொட்டிலை ஒட்டித் தகரத்தில் ஒரு கொட்டில் போட்டு அதை உள்ளே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குங்குமச் சிமிழ், கதவுக் குமிழ், தூண்டில் நூல் சுற்றும் உருளை என்று ஏதாவது கடைவேன். பித்தளை சுழலும்போது உளி பட்டுச் சுருள் சுருளாகக் கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். அதற்குமேல் எனக்கு அதில் ஒரு நோக்கமும் இல்லை.

பெரியம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தது அப்படியான ஒரு காலத்தில். எனக்கு அவர் அண்ணன். சண்டைக் காலத்தில், மீசை அரும்பாத வயதில், பெரியம்மா நகையை எல்லாம் விற்று அவரை அனுப்பி வைத்தார். துவக்கு வெடிக்கிற சத்தம் கேட்டால் அண்ணன் கட்டிலுக்குக் கீழே போய்ச் சுருண்டு கிடப்பார் என்று பெரியம்மா இப்போதும் சொல்லி அழுவார். பெரியம்மா வீட்டில் கூரை வேலை நடந்ததால் அண்ணன் எங்களோடு தங்கினார்.

கொட்டிலுக்குள் வந்து லேத்தைக் கண்டதும் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இஞ்ச பாருங்கா! இது உன்ட மெசினா? என்ட தங்கச்சிட மெசினா?"

"ஓம் அண்ணன். ஏன், நம்ப ஏலாமக் கிடக்கா?"

"நானும் அங்க கராஜுக்குள்ள ஒண்டு வச்சிருக்கன் புள்ள. இத விடக் கொஞ்சம் பெரிசு. வேலை முடிஞ்சு வந்தா அதுக்குள்ளதான் கிடப்பன்."

அன்றைக்கே சேட்டைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிவிட்டார். மெசினின் நகரும் பலகையில் இருந்த ஆட்டத்தைத் திருகாணி இறுக்கிச் சரிசெய்தார். மழுங்கிய உளிகளை எல்லாம் தீட்டித் தந்தார். நல்ல கை அவருக்கு. அளந்த பிறகுதான் வெட்டுவார், அவசரப்பட மாட்டார். இந்த ஊரில் என்னோடு மெசின் கதை கதைக்க யாரும் இல்லை. எனக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தது. நாங்கள் கொட்டிலைவிட்டு வராததால் கணவர் சோற்றை அங்கேயே கொண்டுவந்து தந்தார்.

பிறகு ஒரு பித்தளைத் தண்டைக் கேட்டு வாங்கிப் பூட்டி, கைக்கு அடக்கமாக ஒரு குமிழ் கடையத் தொடங்கினார். முட்டை வடிவில், ஒரு பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, விரல் வழுக்காமல் இருக்க மேலே மெல்லிய கட்டம் கட்டமான சொரசொரப்பு. உள்ளே திருகிப் பூட்டுவதற்குப் புரி வெட்டினார். அழகாக இருந்தது. பெரியம்மா வீட்டுக் கதவுக்கு என்று நான் நினைத்தேன்.

"கதவுக்கு இது கொஞ்சம் சின்னம் அண்ணன்."

"கதவுக்கா? போ புள்ள." கையைத் துடைத்துவிட்டு டேப்லெட்டை எடுத்து வந்தார். "இருந்து பார்."

முதல் வீடியோவில் ஒரு மேசை. அதில் பச்சை வெல்வெட் துணி. துணியின் மேல் ஒரு துவக்கு. அண்ணனுடைய கை, குளிப்பாட்டுமுன் கைக்குழந்தைக்கு எண்ணெய் பூசுவதுபோல, பஞ்சில் எண்ணெய் தொட்டு அதைத் தடவிக்கொண்டிருந்தது. அடுத்ததில் அவர் கடைந்த ஒரு குமிழைத் துவக்கின் பூட்டை இழுக்கிற கம்பியில் திருகிப் பூட்டினார். இழுத்தார், விட்டார். அந்தச் 'சடக்' என்ற சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும்படி வெட்டி ஒட்டியிருந்தார். பின்னால் மெல்லிய வீணை இசை. அதற்கு அடுத்ததில் தோள்பட்டி மாட்டுகிற வளையம். அதற்கு அடுத்ததில் ரோச் லைட் பிடித்து வைக்கிற கவ்வி. கீழே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் இதயம் போட்டிருந்தார்கள்.

"இதுக்கா அண்ணன்?"

"பொழுதுபோக்குத்தானே. சட்டப்படி எல்லாம் செய்யிறன். நான் துவக்குச் செய்யிறல்ல, விளங்குதா? துவக்குக்கு நகை செய்யிறன்."

பித்தளை கடையும்போது ஊற்றுகிற வெட்டெண்ணெயின் வாசனை அதுவரை எனக்குப் பிடித்திருந்தது; அந்தச் சொல்லோடு அது நாறத் தொடங்கியது. நான் எழுந்து வெளியே போய் மாட்டுத் தொட்டியில் கையைக் கழுவினேன். எவ்வளவு கழுவியும் பிசுக்குப் போகவில்லை.

எனக்கு அவரிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. என் ஆய்வுகூடத்துத் தட்டில், நோயாளிகளின் வாயை அச்செடுத்துச் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றில் பல் மட்டும் இல்லை. சிலவற்றில் தாடையே இல்லை. பழைய சண்டையில் போனவை, புதிதாகப் போனவை இரண்டும் இருக்கின்றன. ஆனால் விருந்தாக வந்தவர், பெரியம்மாவின் ஒரே மகன். விடுமுறை முடிந்து போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர், "அவருக்கு அது விளையாட்டுச் சாமான் போல," என்றார்.

"அதுதான் எனக்கு அருவருப்பா இருக்கு," என்றேன்.

அந்த வார ஞாயிறு காலையில் என் நோயாளி ஒருவர் மனைவியோடு மோட்டார்சைக்கிளில் வந்தார். காட்டை ஒட்டிய வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர். பன்றி வராமல் காக்க வீட்டிலேயே குழாய் வைத்து ஒரு இடியன் துவக்குச் செய்திருக்கிறார். அது அவருடைய கன்னத்திலேயே வெடித்துவிட்டது. ஒரு கண்ணும் மேல் அண்ணத்தில் பெரும்பகுதியும் போய்விட்டன. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவரே இல்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் அளவெடுக்க, நான்தான் அவருக்கு அண்ணத்தை மூடுகிற தட்டைச் செய்து கொடுத்தேன். தட்டைப் போட்டால் பேசலாம், சாப்பிடலாம். கழற்றினால் தண்ணீர்கூட மூக்கால் வந்துவிடும். தட்டின் ஓரம் குத்திப் புண்ணாகிவிட்டது, திங்கட்கிழமை வரை தாங்காது என்று மனைவி போன் எடுத்ததால் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

தட்டை வாங்கிக்கொண்டு நான் கொட்டிலுக்குள் போய் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முன் விறாந்தையில் கணவர் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். பாவம், அந்த மனிதர் தட்டு வாயில் இல்லை என்பதை மறந்து ஒரு மிடறு குடித்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது தேத்தண்ணி அவருடைய மூக்கால் வழிந்து சேட்டெல்லாம் நனைந்திருந்தது. மனைவி சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய், செம்பரத்தை மரத்தடியில் காறித் துப்பினார்.

"என்ன கோதாரி புள்ள இது," என்று என்னிடம் குசுகுசுத்தார். "சாப்பிட முந்தி இதெல்லாம் பார்க்க ஏலாது."

நான் தட்டைக் கழுவி அந்த மனிதருக்கு மாட்டிவிட்டேன். நாக்கால் தடவிப் பார்த்து, "இப்பச் சரி மிஸ்," என்றார். குரல் வந்ததும் மனிதர் மனிதராகிவிட்டார். அண்ணனும் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"என்னெண்டு நடந்தது?" என்று கேட்டார்.

"இடியன் வெடிச்சது அண்ணே. பண்டிக்கு வச்ச வெடி."

அண்ணனுடைய முகத்தில் லேத்தை முதலில் கண்டபோது வந்த அதே வெளிச்சம் வந்தது. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"குழல் என்ன குழாய்? தண்ணிக் குழாயா? ஒட்டுப் போட்ட இடத்தாலயா பிரிஞ்சது, இல்லாட்டிப் பின்பக்கத்தாலயா?"

அந்த மனிதர் கையை நீட்டிக் காட்டி விவரித்தார். அண்ணன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். உடைந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. உடைந்த குழாயைத்தான் அந்த முகத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கதிரையில் சாய்ந்து, பெருமையாகச் சொன்னார்:

"நான் செஞ்சிருந்தா வெடிச்சிருக்காது."

நான் கையில் வைத்திருந்த துணியை மேசையில் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை. டேப்லெட் வெளியே வந்துவிட்டது. வெல்வெட் துணி, எண்ணெய்ப் பஞ்சு, 'சடக்', வீணை. அந்த மனிதர் ஒற்றைக் கண்ணை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்கு அவர்மேல் அதுவரை இருந்தது இரக்கம். அந்த வெறுப்பான படத்தைக் கண்டு அவர் முகத்தைத் திருப்புவார், எழுந்து போவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சிரித்தார். பாதி உதடு மட்டும் ஏறுகிற அந்தச் சிரிப்பு.

"என்ன வடிவு அண்ணே! இஞ்ச மிஸ்ஸிட மெசினிலயே இப்பிடிச் செய்யலாமா? மச்சான்ட துவக்கு ஒண்டு கிடக்கு. அதுக்கு இந்த லைட்டுப் பூட்டுறத ஒண்டு செஞ்சு தருவீங்களா?"

"ஏன் ஏலாது? அளவத் தாங்க—"

மனைவி எழுந்துவிட்டாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தவள்.

"உங்களுக்கு வெக்கமில்லையா?" என்று கணவனிடம் கேட்டாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "இந்த மனுசனுக்குப் கூழ் போலச் சோத்தப் பிசைஞ்சு ஊட்டினவள் நான். ராவெல்லாம் மூக்கால வாறத வழிச்சவள் நான். நீங்க ஒரு நாளைக்கு வந்து ஊட்டிப்போட்டு மறுகா இதக் காட்டுங்க. எழும்புங்க, போவம்."

அவர் அசடு வழிய எழுந்தார். போகும்போதும் தலையைத் திருப்பி டேப்லெட்டைப் பார்த்தார்.

மோட்டார்சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் நான் கொட்டிலுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். மெசினில் பூட்டியிருந்த குமிழைக் கழற்றிக் கொண்டுவந்து அண்ணனின் மடியில் வைத்தேன். அதைத் தொட்ட விரலை என் சட்டையிலேயே துடைத்தேன்.

"இனி என்ட மெசினைத் தொடாதீங்க அண்ணன்."

"ஏன்கா, நான் அவனுக்கு என்ன செய்தன்? அவன்தானே கேட்டான்?"

"அவர் தேத்தண்ணி குடிச்சதப் பார்த்துத் துப்பினீங்க. அந்த வாயப் பிச்ச சாமானப் பார்த்து உங்களுக்கு நாக்கூறுது. என்னால அதப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது."

"உங்களுக்கெல்லாம் இன்னும் சண்டை முடியல்ல," என்றார் அண்ணன். "துவக்கெண்டதும் பயம். அது ஒரு சாமான் புள்ள. வெறும் சாமான்."

கட்டிலுக்குக் கீழே சுருண்டு கிடந்த பிள்ளையை அப்போது நினைத்தேன். ஒருவேளை அந்தப் பயத்தைத்தான் இத்தனை காலமும் எண்ணெய் போட்டு மினுக்கிக்கொண்டிருக்கிறாரோ என்றும் தோன்றியது. தோன்றியும் என் அருவருப்புக் குறையவில்லை. மிச்ச நாட்களுக்கு அவர் விறாந்தையில் இருந்து, குமிழை ஈரமான எமரித் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். சரக் சரக் என்று அந்தச் சத்தம் குசினி வரைக்கும் வரும். பெரியம்மா வீட்டுக் கூரை முடியும் முன்னமே, கொழும்பில் கூட்டாளியைப் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.

சில வாரம் கழித்துக் கணவர் தன் போனை நீட்டினார். அண்ணனின் புது வீடியோ. முதலில் எங்கள் வாவி, தோணி, கொக்கு. பிறகு என் கொட்டில். என் மெசின். அதன்மேல் நான் ஒட்டி வைத்திருந்த முருகன் படம்கூடத் தெரிந்தது. பிறகு வெல்வெட் துணி, துவக்கு, மின்னுகிற குமிழ். 'தாய்மண்ணில், தங்கையின் மெசினில் கடைந்தது' என்று எழுத்து ஓடியது. யாரோ ஒருவர் கீழே, "உங்கள் தங்கைக்கும் வாழ்த்துகள்," என்று எழுதியிருந்தார்.

உடனே அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அதைக் கழட்டுங்க அண்ணன்."

"எவ்வளவு பேர் பார்த்திருக்காங்க தெரியுமா?"

"என்ட கொட்டில், என்ட மெசின், என்ட சாமிப் படம். இண்டைக்கே கழட்டுங்க. இல்லாட்டி அதுக்குக் கீழ நான் ஒரு படம் போடுவன். அண்ணமே இல்லாத ஒரு சாந்துத் தாடைப் படம்."

"நீ சரியான ஆள்கா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பொழுதுபடுமுன் வீடியோ போய்விட்டது. அதன்பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. பெரியம்மா வந்து, "ஒரு பித்தளைக் கட்டிக்காக ஒரே சகோதரத்தோட கோவிக்கலாமா?" என்று கண்ணைக் கசக்கினார். அவருக்கு விளக்கிச் சொல்லப் பார்த்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

மெசின் கனநாள் சாக்கால் மூடிக் கிடந்தது. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு பாகமாகக் கழுவித் துடைத்துத் திரும்பத் தொடங்கினேன். இப்போது கடைகிறேன். ஆனால் குமிழ் கடைவதில்லை.

அந்த மனிதருக்குத் தட்டுத் தளர்ந்துவிட்டது. போன மாதம் புதிதாகச் செய்ய ஆஸ்பத்திரிக்கு வந்தார், மனைவி வரவில்லை. கதிரையில் சாய்ந்து, டொக்டர் கையுறை போடும் வரைக்கும் காத்திருந்த இடைவெளியில், ஒற்றைக் கண்ணால் வாசல் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"மிஸ், அந்த அண்ணன் மறுகா எப்ப வருவார்?"

அச்செடுக்கிற களியைக் கிண்ணத்தில் குழைத்து, அச்சுக் கரண்டியில் நிரப்பி, டொக்டரிடம் நீட்டினேன்.

"வாயைத் திறங்க," என்றேன்.