சாமி என்ற பெயரும் சிவநாதன் அண்ணரும்

சிவநாதன் அண்ணர் இறந்துவிட்டார் என்று வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருந்த ஒருவருக்கு ஏற்கெனவே அஞ்சலி செலுத்திய குழு அது. வீட்டுக்கு அழைத்தேன். அவர் மனைவி வசந்தி அக்காதான் எடுத்தார். "ஓம் தம்பி, விடிய எழும்பேல்லை."

சிட்னிக்கு வருமுன் அவர் நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வடதுருவத்து மக்களின் கதைகளில் அவருக்குப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். கூட வேலை செய்த ஒரு பெண் சாமி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். துருவ ஒளி வானத்தில் ஆடும்போது விசிலடிக்கக் கூடாது, அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவர் எச்சரித்தாராம். பிறகு கிறீன்லாந்து மாலுமி ஒருவரும் அதையே சொன்னார். வேறு யாராக இருந்தாலும் வியந்திருப்பார்கள். அண்ணருக்குச் சந்தேகம் வந்தது. "ரெண்டு பேரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுறவை. ஆர் ஆருக்குச் சொன்னதெண்டு பாக்க வேணும்." மாலுமியின் தாயைத் தொலைபேசியில் பிடித்து, அந்தத் தாயே தன் சிறுவயதில் கேட்ட கதை அது என்று அறிந்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார். அப்போதும், "கதை ஒண்டெண்டால் சனமும் ஒண்டெண்டு அர்த்தமில்லை" என்பார்.

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் நடந்த தமிழ் விழா ஒன்றில் இதைப் பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். ஒழுங்கமைப்பாளர் முதல்நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அங்கிருந்தேன்.

"அவையின்ர பேரே சாமி. வேற என்ன ஆதாரம் வேணும்? எங்கட ஆக்கள்தான் எண்டு மேடையில சொல்லுங்கோ."

"அது அவை தங்கட பாஷையில தங்களுக்கு வைச்ச பேர். நான் சொல்ல மாட்டன்."

நிகழ்ச்சியிலிருந்து அவர் பேச்சை நீக்கிவிட்டார்கள். பிறகு, "உவர் ஆரின்ர ஆள்? ஆர் அனுப்பினது?" என்று அவரை உளவாளியாகச் சந்தேகிக்கும் கதை பரவியது. கோயிலில் சிலர் முகம் கொடுக்கவில்லை. வசந்தி அக்காவை அன்னதானச் சமையலுக்குக் கூப்பிடுவதும் நின்றது. அண்ணர் ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "சந்தேகத்துக்குப் பயந்துதான் நாட்டை விட்டு வந்தனாங்கள். இஞ்சயும் அதுதான்."

இறுதிச் சடங்கில் அதே ஒழுங்கமைப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "வடதுருவத்துச் சனமும் தமிழர்தான் எண்டு கண்டுபிடிச்சவர் எங்கட சிவநாதன்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"அண்ணர் அப்பிடிச் சொல்லேல்லை. சொல்ல மாட்டன் எண்டுதான் சொன்னவர்."

மண்டபம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அண்ணர் பல காலம் அறிந்திருந்தார். எனக்கு அன்றுதான் தெரிந்தது. வசந்தி அக்கா தன் பக்கத்துக் கதிரையிலிருந்த கைப்பையை எடுத்துவிட்டு, "இதில இரும் தம்பி" என்றார்.

நமக்குப் பெருமை தரும் செய்தியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அண்ணரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். அதைத் தனியாகச் செய்யவேண்டி வரும் என்பதையும் சேர்த்தே வைத்துக்கொண்டேன்.