கிரேன் மேல் மூன்று வியாழக்கிழமைகள்

அண்ணன் என்னை எலி டாக்டர் என்றுதான் கூப்பிடுவான். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பயத்தையும் பதற்றத்தையும் பற்றி ஆராய்ச்சி செய்யச் சேர்ந்திருக்கிறேன், எலிகளை வைத்துத்தான் வேலை என்று வீட்டில் சொன்ன அன்றே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. "மனுசனுக்கே பாக்க ஆள் இல்ல, எலிக்கு இன்னா பயம்? பூனை பயந்தான?" என்றான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த வயதில் எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. வாரம் முழுக்க விடுதி, சனிக்கிழமை சாயந்திரம் கும்மிடிப்பூண்டி லோக்கல். பொன்னேரி தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். கவரப்பேட்டை போனதும் ஜன்னல் வழியே இரும்பு காய்கிற வாசனை வர ஆரம்பிக்கும். உடம்புக்கு நல்லதில்லை என்று தெரிந்த வாசனைதான். இருந்தாலும் இன்றைக்கும் எங்காவது வெல்டிங் கடையைத் தாண்டினால் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். ஸ்டேஷன் வாசலில் அண்ணன் மொபெட்டோடு நிற்பான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் அவன் கிரேன் ஆபரேட்டர். கொட்டகையின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, இரும்புக் கட்டைகளைச் சங்கிலியில் தூக்கி உலைப் பக்கம் கொண்டுபோய் இறக்குவான். அப்பா போன பிறகு என் படிப்பு அந்தக் கூண்டின் தயவில்தான் நடந்துகொண்டிருந்தது.

வண்டியில் போகும்போதே கேள்வி கேட்பான். கிண்டல் செய்தாலும் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வான். நானும் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து கத்திக் கத்திச் சொல்வேன். ஒரு பெட்டிக்குள் எலியை விட்டு ஒரு ஓசை எழுப்புவோம். அது முடியும்போது தரையில் லேசாக ஷாக் வரும். இரண்டு மூன்று தடவை போதும். மறுநாள் ஓசை மட்டும் வந்தாலும் எலி உறைந்துவிடும், மீசை கூட ஆடாது. எத்தனை விநாடி உறைந்திருந்தது என்று வெளியே உட்கார்ந்து ஸ்டாப்வாட்சில் எடுப்பதுதான் என் வேலை. அப்புறம் நாள் கணக்கில் ஷாக் இல்லாமல் ஓசையை மட்டும் கேட்க வைப்போம். மெல்ல மெல்ல எலி நடமாட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மூளையில், வாதுமைப் பருப்பு வடிவத்தில் இருக்கிற ஒரு சின்ன இடத்தில், என்ன மாறுகிறது என்று பார்ப்போம்.

"அப்போ பயம் பூடும்?"

"போகாதுண்ணா. அது அங்கயே கீது. அதுக்கு மேல, இப்போ ஒண்ணும் ஆவாதுனு இன்னொரு பாடம் எழுதிக்குது. ஆனா அந்தப் பாடம் அந்தப் பெட்டிக்குள்ளதான் செல்லும். வேற பெட்டில வுட்டா பழைய பயம் எழுந்து உக்காந்துக்கும்."

"எலி விவரமாத்தான் கீது" என்பான்.

நான் எலி பார்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம்தான் மில்லில் விபத்து நடந்தது. சங்கிலி நழுவிக் கட்டைகள் சரிந்ததில் கீழே நின்றிருந்த ஒருவருக்குக் கால் போய்விட்டது. அண்ணன் மேல் தப்பில்லை என்று எல்லோருமே சொன்னார்கள். கிரேன் நகரும்போது கீழே இருப்பவர்கள் ஒதுங்குவதற்காகக் கூண்டிலிருந்து காலால் மிதித்து ஒரு மணி அடிப்பார்கள். அவன் அதை அடித்துக்கொண்டே இருந்தபோதுதான் கட்டைகள் விழுந்தன. அதற்குப் பிறகு மில் கேட்டைத் தாண்டியதுமே அவனுக்கு நெஞ்சு படபடக்கும், கை வேர்த்து ஊற்றும். ஏணியில் நாலு படி ஏறுவதற்குள் இறங்கிவிடுவான். வீட்டில் அதை வாயு என்றார்கள். ஓமத் தண்ணீர், பூண்டுப் பால், தர்காவில் ஓதிய தாயத்து, எல்லாம் ஆயிற்று. மில்லில் இரக்கப்பட்டுக் கொஞ்ச நாள் கீழ் வேலை கொடுத்தார்கள். கடைசியில், மாதக் கடைசிக்குள் கிரேன் ஏறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் வேலை போனால் என் படிப்பும் போகும் என்பது இரண்டாவது கவலை. நான் கண்ணால் பார்த்த முதல் கவலை வேறு. ஊரையே சிரிக்க வைப்பவன், வீட்டில் டம்ளர் கீழே விழுந்தால்கூடச் சுவரோரம் போய் நின்றான். சின்ன வயதில் இரண்டு தடவை பெயிலாகியும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவன் அவன். அப்படிப்பட்டவனை இப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

எலிக்குச் செய்வதை இவனுக்குச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் என் காதை நானே திருகலாம் போல இருக்கிறது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அவனை ஒரு நல்ல மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடம் எலி பார்த்தவளுக்கு உலகமே எலியாகத் தெரியும்.

அது கரண்ட் தட்டுப்பாட்டுக் காலம். ஆலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் கிடையாது, பவர் ஹாலிடே என்பார்கள். அண்ணன் மில்லுக்கு அது வியாழக்கிழமை. நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். வாட்ச்மேன் அண்ணனுக்குப் பழக்கம். "சட்டுனு வந்துடு நைனா" என்று உள்ளே விட்டார். காலால் மிதிக்கிற மணிக்குக் கரண்ட் வேண்டாம் என்பதுதான் என் திட்டத்தின் அழகு. மணி அடிக்கும், எதுவும் விழாது. எலிப் பெட்டியில் செய்கிற அதே வேலை.

முதல் வியாழக்கிழமை ஏணி ஏறவே ஒரு மணி நேரம் ஆனது. நான் ஒரு படி பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் ஒண்ணு, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கூண்டுக்குள் போனதும் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினேன். அவன் மிதித்தான். காலியான கொட்டகையில் மணி கணகணவென்று போய்த் திரும்பி வந்தது. எண்ணிக்கொண்டிருந்த நாடி எகிறியது. மறுபடி மிதிக்கச் சொன்னேன்.

இரண்டாவது வாரம் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனோம். மூன்றாவது வாரம் அவன் மணியை மிதித்துக்கொண்டே கதை சொன்னான். உலை எரிகிற நாளில் இந்தக் கூண்டில் இட்லியே வேகும் என்றான். மேலே இருந்து பார்த்தால் யார் யாருக்கு வழுக்கை விழுகிறது என்று அவனுக்குத்தான் முதலில் தெரியுமாம். ஒரு மேஸ்திரிக்கு அதை நேரிலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டானாம். கூரை ஓட்டை வழியே வெயில் வட்டம் வட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. தூரத்தில் ஆந்திரா போகிற லாரிகளின் சத்தம். அப்பா இருந்தபோதுகூட நானும் அவனும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அந்த மூன்று வியாழக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

தேதி, நேரம், எத்தனை தடவை மணி, நாடி எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். கோடு போட்டுப் பார்த்தால் அழகாக இறங்கியது. எலிக்கு வருவதைவிட அழகு. அடுத்த திங்கட்கிழமை அவன் வேலைக்கு ஏறினான். ராத்திரி விடுதிக்குப் போன் செய்து, "எல்லாம் சரியாப் பூட்ச்சு பாப்பா. நீ எலியப் பாரு" என்றான். போனை வைத்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன்.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இளைத்துத் தெரிந்தான். ஓவர்டைம் என்றான். நம்பினேன். என் ஆராய்ச்சி முடியும் தறுவாயில், ஏதோ ஒரு சான்றிதழுக்காகத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. காலை ஏழரை மணி இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் அண்ணன் நின்றுகொண்டே நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உடம்பில் நான் பார்த்தேயிராத ஒரு சாம்பல் நிறச் சட்டை, பாக்கெட்டில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர்.

என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தான். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை, ஆனால் சட்டையை மறைக்க வழியில்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் பேக்கிங் வேலையாம். விடியற்காலை கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறானாம், மில்லில் வாங்கியதில் பாதிச் சம்பளமாம். அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

"எத்தினி மாசமா?"

"அந்தத் திங்கக்கெழமைல இருந்துதான்."

முதல் லோடு தூக்கியதும் அவன் உறைந்துவிட்டான். கட்டைகள் ஆள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்க, கை லிவரிலேயே ஒட்டிக்கொண்டு வரவில்லை. கீழே இருந்தவர்கள் சத்தம் போட்டு எல்லோரையும் ஒதுக்கினார்கள். எப்படியோ இறக்கிவிட்டு இறங்கி வந்து, வேலை வேண்டாம் என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். ஏறலாம் என்று அவனுக்குச் சொன்னவள் நான்.

"என் தப்புண்ணா" என்றேன். "கரண்ட் இல்லாத நாளாப் பாத்து இட்டுக்கினு போனேன். உலை எரியல, மிஷினு ஓடல. அது வேற பெட்டி, இது வேற பெட்டி. எலிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு."

அவன் கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னான். "அத்தெல்லாம் இல்ல பாப்பா. உலைச் சத்தத்துல பத்து வருசம் குந்தினு இருந்தவன் நானு. அது இன்னா பண்ணும் என்னை?"

"பின்ன?"

"பெல்லு மேல கால் வெச்சேன். அடிச்சுது. பக்கத்துல திரும்பிப் பாத்தேன். நீ இல்ல."

கடைக்காரர் டீயை எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். எலி ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. ஓசை எழுப்புகிறவள் பெட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், அவள் நிழல்கூட எலி மேல் விழக்கூடாது. அதனால் நோட்டில் எங்களைப் பற்றி நாங்கள் எதையும் எழுதுவதில்லை. கூண்டுக்குள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் நான் வெளியே இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். மூன்று வாரமும் அவன் மூளை எழுதிக்கொண்ட பாடம், மணி அடித்தால் ஒன்றும் ஆகாது என்பதில்லை. தங்கச்சி பக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பதுதான்.

"ஏண்ணா எனக்குச் சொல்லல?"

"நீ கெளம்பி வந்து மறுபடியும் பக்கத்துல குந்திக்குவ" என்றான். "உன் படிப்பு இன்னா ஆவறது?"

காக்களூர் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவன் என் டம்ளரையும் வாங்கி வைத்துவிட்டு, லேட்டானால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று சொல்லி ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.