நான் எடுக்காத லோன்

என் வான் வண்டிக்கு ஒரு வருடக் காப்புறுதிப் பணத்தைக் கட்டியது நான் இல்லை என்பது எனக்கு மாதக்கணக்காகத் தெரியாது. என் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் போகும் பணம் நேரே காப்புறுதிக் கம்பனிக்குப் போகிறது என்றே நினைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் இல்ஃபோர்டில் இருந்தோம். ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டுபோய் லண்டன் முழுக்க இருக்கும் எங்கள் ஆட்களின் கடைகளில் இறக்குவது என் வேலை. வான் என்னுடையது. இன்ஷூரன்ஸ் என்கிற காப்புறுதியும் என் பொறுப்பு. அந்த வருடம் கேட்ட தொகையை ஒரேயடியாகக் கட்ட என்னிடம் இல்லை.

கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் காப்புறுதி எடுத்துத் தரும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் இருந்தார். மாதத் தவணையில் கட்டலாம் என்றார். கடன் என்றால் எனக்கு வேண்டாம் என்று முதலே சொன்னேன். சீட்டுப் பிடித்திருக்கிறேன், வட்டிக்கு வாங்கியதில்லை. அவர் சிரித்துக்கொண்டு, “இது கடன் இல்லை அண்ணை, மாசம் மாசம் கட்டுறது” என்றார். ஊர் ஆள். அவர் விரல் வைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்து வைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தை வாசிக்க மாட்டேன், ஒப்பிட்டுப் பார்ப்பேன். காப்புறுதிச் சான்றிதழில் இருக்கும் கம்பனிப் பெயரையும் வங்கியிலிருந்து வரும் கணக்குத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பேன். மூன்றாம் தவணை போன பிறகுதான் அப்படிப் பார்த்தேன். பெயர் பொருந்தவில்லை. முதல் எழுத்தே வேறு. என் பணத்தை முன்பின் தெரியாத யாரோ எடுத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் கடைகளில் எல்லாம் வங்கி அட்டையைப் பிரதி எடுத்துக் களவெடுக்கிறார்கள் என்பதே பேச்சு. என் கணக்கிலும் அதுதான் நடக்கிறது என்று நினைத்தேன். தம்பியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் அந்த மாடிப்படி ஏறுவது எனக்கு வெட்கமாக இருந்தது. வங்கிக்குப் போகும் வழியெல்லாம் ஒரு வசனத்தைச் சொல்லிப் பழகினேன். இது என் கம்பனி இல்லை, நிறுத்துங்கள். கவுன்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை செய்த பிள்ளை ஏதோ இரண்டு தடவை கேட்டது. இரண்டுக்கும் யெஸ் என்றேன். நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்தபோது பஸ் நிறுத்தம் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். லண்டனில் நான் தனியாகப் பேசி முடித்த முதல் காரியம் அது.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. நான் பார்த்தவுடன் அடையாளம் காணும் நாலைந்து ஆங்கிலச் சொற்களில் லோன் ஒன்று. அப்போதெல்லாம் கடன் தருகிறோம் என்று வாரத்துக்கு மூன்று நான்கு கடிதம் கதவு ஓட்டைக்குள்ளால் விழும். அந்தச் சொல்லைக் கண்டால் குப்பைத்தொட்டி என்பது என் சட்டம். புதிதாக வந்த கடிதத்திலும் அந்தச் சொல் இருந்தது. போட்டேன். அடுத்தது சிவப்பு எழுத்தில் வந்தது. அதையும் போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் எடுக்காத லோனுக்கு அவங்கள் ஏன் சிவப்பிலை எழுதுறாங்கள்?”

எல்லோருக்கும் அப்படித்தான் அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை கிங்ஸ்பரியில் ஒரு கடைக்குப் போகும் ஒடுக்கமான தெருவில், நிறுத்தியிருந்த ஒரு பழைய காரின் பக்கக் கண்ணாடியை வானால் தட்டிவிட்டேன். கண்ணாடி கூட்டோடு முறிந்து வயரில் தொங்கியது. சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அரிசி பில் ஒன்றின் பின்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்தில் ‘சொறி’ என்றும் என் தொலைபேசி எண்ணையும் எழுதி வைப்பருக்குக் கீழே செருகிவிட்டு வந்தேன். பெரிய கவலை ஒன்றும் இல்லை. இதற்குத்தானே காப்புறுதி என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் சட்டனில் ஒரு கடையின் பின்முற்றத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணை, வான் எங்க நிக்குது?”

“சட்டனிலை. அரிசி இறக்கிறன்.”

“திறப்பைக் கையிலை எடுங்கோ. இனி அதிலை ஏறாதேங்கோ. உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை.”

சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் வானிலேயே இருக்கிறது என்றேன். அது வெறும் தாள் என்றார் அவர். கடைக்காரரிடம் பற்றறி பழுது, வான் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பொய் சொல்லி வானை முற்றத்திலேயே விட்டேன். இறக்காத பதினெட்டு மூட்டை உள்ளே இருந்தது. ரயில் மாறி மாறி இல்ஃபோர்டுக்கு வந்து சேரும்வரை வானின் சாவியைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன்.

தம்பியின் மாடியில் வைத்துத்தான் எல்லாம் விளங்கியது. வருடம் முழுவதுக்குமான பணத்தை முதல் நாளே ஒரு கடன் கம்பனி காப்புறுதிக் கம்பனிக்குக் கட்டிவிடுகிறது. நாங்கள் மாதாமாதம் கட்டுவது அந்தக் கடன் கம்பனிக்கு. கட்டாமல் விட்டால் கடிதம் போடுவார்கள். பதில் இல்லையென்றால் காப்புறுதியை நிறுத்தச் சொல்லி மிச்சப் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். வங்கியில் நான் நிறுத்தியது அந்தத் தவணையைத்தான்.

“தம்பி, நீர் கடன் இல்லை எண்டு சொன்னனீர்.”

அவர் பேனாவை மூடினார், திறந்தார். “கடன் எண்டு சொல்லியிருந்தால் நீங்கள் கையெழுத்து வைச்சிருக்க மாட்டீங்கள் அண்ணை.”

அது உண்மைதான். அன்று மாலையிலிருந்தே செல்லும்படி புதிதாக ஒரு காப்புறுதி எடுத்துத் தந்தார். முன்னையதைவிடக் கூடிய விலை, திரும்பவும் தவணை. இந்தத் தடவை கடன் கம்பனியின் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். பழையது எப்போது நின்றது என்று கேட்டேன். போன செவ்வாய், தனக்கே இன்றுதான் அறிவித்தார்கள் என்றார். கிங்ஸ்பரியில் நான் கண்ணாடியைத் தட்டியது அதற்கடுத்த வியாழன்.

இடையில் ஏதும் நடந்திருந்தால் என்னவாகும் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். காப்புறுதி இல்லாமல் ஓடியதற்கு லைசன்ஸில் ஆறு தண்டப் புள்ளி, அபராதம், அதற்குப் பிறகு வேலை வானுக்குக் காப்புறுதி தர ஒருவரும் எளிதில் முன்வர மாட்டார்கள் என்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஏன் அண்ணை, ஏதும் நடந்ததோ?”

“இல்லை” என்றேன்.

மறுநாள் காலை சட்டனுக்குப் போய் வானை எடுத்தேன். வேலை பழையபடி நடந்தது. ஆனால் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் முதலில் எண்ணைப் பார்த்தேன். லைசன்ஸ் போனால் எனக்கு இந்த ஊரில் வேறு வேலை தெரியாது. என்னைக் கண்டுபிடிக்கத் தேவையான எண்ணை நானே என் கையால் எழுதி அந்தக் காரில் வைத்திருந்தேன். அந்தத் தெருவுக்குப் போய் வைப்பருக்குக் கீழே இன்னும் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். வெட்கத்தில் போகவில்லை.

வியாழக்கிழமை தெரியாத எண் ஒன்று வந்தது. நான் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் குரல் செய்தி வந்திருந்தது. வானை ஓரமாக நிறுத்தி ஏழெட்டுத் தடவை கேட்டேன். ஒரு கிழவரின் குரல், நடுவில் இருமல். கண்ணாடி என்பது விளங்கியது. இன்ஷூரன்ஸ் என்பதும் விளங்கியது. மற்றது ஒன்றும் விளங்கவில்லை.

அன்று பின்னேரம் மனைவி வேலையால் வந்ததும் தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், இப்படிப்பட்ட குரல்கள் அவளுக்குப் பழக்கம். இரண்டு தடவை கேட்டாள்.

“மனிசன் கோபமா இல்லை. உங்கட இன்ஷூரன்ஸ் விபரம் கேக்குது. என்னப்பா இது?”

வங்கியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே இருந்து கேட்டாள்.

“துண்டு எழுதி வைக்கத் தெரிஞ்ச மனிசனுக்குக் கடிதம் பிரிக்கத் தெரியேல்லை” என்றாள். பிறகு அவளே கிழவரைக் கூப்பிட்டு, என்ன கார் என்று விசாரித்து, சனிக்கிழமை வந்து வேறு கண்ணாடி பூட்டித் தருகிறோம் என்று சொன்னாள். காப்புறுதி பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

பழைய கார் உடைக்கும் இடத்தில் அதே மாதிரிக் காரின் கண்ணாடி ஒன்று கிடைத்தது. கிழவருடைய கார் வெள்ளி நிறம், கிடைத்தது கடும் நீலம். சனிக்கிழமை இருவரும் போனோம். அவர் வீட்டுச் செருப்போடு வெளியே வந்து மதிலில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் கதவின் உள்பக்க மூடியைக் கழற்றி, முறிந்ததை எடுத்துப் புதியதைப் பூட்டினேன். திருகாணி முடுக்கும்போது பேச வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல்.

வேலை முடியும் நேரத்தில் அவர் ஏதோ கேட்டார். அதில் இன்ஷூரன்ஸ் என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. மனைவி என்னைப் பார்த்தாள். நாங்களே பூட்டித் தருவது லேசு, காப்புறுதிக்குப் போனால் நாள் எடுக்கும் என்று சொல்வதாக வானில் வரும்போது பேசி வைத்திருந்தோம். அவள் அதைச் சொல்ல வாயெடுக்க முன் நான் சொல்லிவிட்டேன்.

“நோ இன்ஷூரன்ஸ். தட் டே, நோ இன்ஷூரன்ஸ்.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கிழவர் என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார். பிறகு நீலக் கண்ணாடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. காரின் மற்றப் பக்கத்துக்குப் போய் அந்தக் கண்ணாடியையும் ஆட்டிக் காட்டினார். அது லொடலொடவென்று ஆடியது. நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

புறப்படும்போது மனைவி, நான் எண் எழுதி வைத்த அந்தத் துண்டைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாள். அதை எப்போதோ எறிந்துவிட்டேன் என்று அவர் கையை வீசிக் காட்டினார். எங்கே எறிந்தீர்கள் என்று கேட்க எனக்கு ஆசை. அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை, மனைவியைக் கேட்கச் சொல்லத் துணிவும் இல்லை. வழியில் அவருடைய குப்பைத்தொட்டி மூடி அரைவாசி திறந்து கிடந்தது. துண்டு கிடக்கிறதா என்று நான் அதற்குள் பார்த்ததை மனைவி கண்டுவிட்டாள்.

“வானுக்குள்ளை ஏறுங்கோ” என்றாள்.