குலுக்கிப் போட்ட கடைசி இடம்

விருதுநகரில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிளகாய் வற்றல் கடை. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு நாற்பது தும்மல் வரும். இந்த ஒரே தகுதியோடுதான் சிவகாசியில் ஒரு பெரிய அச்சுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டாசுப் பெட்டி, லேபிள், காலண்டர் என்று வருஷம் முழுக்க மிஷின் ஓடும் இடம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் தாள் பார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். அச்சாகி வரும் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, மை தீற்றியதையும் கலர் விலகியதையும் கழித்துப் போடுவது எங்கள் வேலை. என்னிடம் பத்துப் பேர். எல்லாரும் என்னை பாய் என்பார்கள்.

சின்ன முதலாளி வெளியூரில் மேற்படிப்பு முடித்துவிட்டு வந்த கையோடு ஒரு படிவத்தையும் கொண்டுவந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பத்துப் பேரில் இரண்டு பேருக்கு ஏ, ஏழு பேருக்கு பி, ஒருவருக்கு சி. சி போட்டே ஆக வேண்டும். பத்துப் பேரும் ஒழுங்காக வேலை பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பத்துப் பேர் ஓடினால் ஒருவர் கடைசியாகத்தானே வருவார் என்றார். எங்கள் ஆட்கள் உட்கார்ந்துகொண்டல்லவா வேலை பார்க்கிறார்கள் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சம்பளம் வாங்குகிற வாய், மூடிக்கொண்டது.

முதல் தடவை, மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நாலு நாள் சேர்த்து லீவு போட்ட ஒருவருக்கு சி கொடுத்தேன். அவர் பெயரை கேன்டீன் வாசலில் போர்டில் ஒட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மற்ற ஒன்பது பேரும் அடுத்த சி தனக்கு வந்துவிடக் கூடாதென்று, எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட, கண்ணை மூடிக்கொண்டு தாளைத் தள்ளிவிட்டார்கள். அந்த சீசனில் இரண்டு லோடு பெட்டி திரும்பி வந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

வழி சொன்னவர் ஏழாயிரம்பண்ணையிலிருந்து கம்பெனி வேனில் வரும் ஓர் அக்கா. முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். தங்கை தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்த பிறகு, வெடிமருந்து வேலைக்கு இனி கால் வைப்பதில்லை என்று எங்களிடம் வந்தவர். எங்கள் பிரிவில் மாதா மாதம் குலுக்கல் சீட்டு நடத்துவதும் அவர்தான்.

"பத்துப் பேரையும் எழுதி டப்பாவுல போட்டுக் குலுக்குங்க பாய்," என்றார். "விழுந்தவுக அந்தத் தடவைக்குக் கடைசி. பத்தும் முடியந்தட்டி அவுக பேரு மறுக்க டப்பாவுக்குள்ள போகாது. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல பாருங்க."

அன்றிலிருந்து பிஸ்கட் டப்பாதான் எங்கள் மேனேஜர். எல்லாரும் பழையபடி தாளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் கூடுதல் வேலை. படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. பிரிவிலேயே வேகமான ஆளுக்கு சி விழுந்தபோது நிதானம் போதாது என்று எழுதினேன். நிதானமான ஆளுக்கு விழுந்தபோது வேகம் போதாது என்று எழுதினேன். வாயே திறக்காத ஒருவருக்கு அதிகம் பேசுகிறார் என்று எழுதிவிட்டு, அவரிடமே போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் இப்படி ஜோராகப் போனது. ஒரு பங்குனியில் சீட்டு அந்த அக்காவுக்கே விழுந்தது. அடுத்து புரட்டாசியில் விழுந்தது எங்கள் பிரிவு அண்ணாச்சி ஒருவருக்கு. அவர் முகம் செத்துவிட்டது. அவர் மகளுக்கு சம்பந்தம் பேசி முடிக்கும் நேரம். மாப்பிள்ளை வீட்டார் கம்பெனிப் பக்கம் விசாரிக்க வருவார்கள், போர்டில் பெயர் தொங்கும். அக்கா சட்டென்று சொன்னார்:

"எம் பேர எழுதிக்கிடுங்க. போன தடவையே போர்டுல ஒட்டியாச்சு. இன்னொரு தடவ ஒட்டுனா என்ன, கொறஞ்சா போயிருவேன்?"

சீட்டில் ஒருவர் முறையை இன்னொருவர் எடுத்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம்தான். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

பதினைந்து நாளில் அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். இங்கிலீஷில் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு சி வாங்கியதால் மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு விதியா என்று வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துத் தேடினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. தாளை முன்னும் பின்னும் பார்க்கும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர்.

அக்கா அழவில்லை. திரும்பவும் மருந்து வேலைக்குத்தான் போகணுமா என்று மட்டும் கேட்டார்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே சின்ன முதலாளி அறைக்குப் போனேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் சீட்டுகளை மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"இம்புட்டு நாளா எனக்கு வந்ததெல்லாம் குலுக்கிப் போட்டதா?" என்றார்.

"ஆமா சார். ஆனா டப்பா வந்த பெறகு ஒரு லோடுகூட திரும்பி வரல."

அவர் திரும்பி வந்த சரக்குக் கணக்கை வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் அக்காவின் கடிதத்தைக் கிழித்தார். படிவத்தைக் கிழிக்கவில்லை. சி ஒருவருக்குப் போயே ஆக வேண்டும், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், காரணத்தை உங்கள் ஆட்களே எழுதட்டும் என்று புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

பிரிவுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மற்ற ஒன்பது பேரும் பேனாவை அக்காவிடம் கொடுத்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, தமிழில், பெரிய பெரிய எழுத்தாக எழுதினார்: 'தாளைத் திருப்பிப் பார்ப்பதில்லை.'

நான் எழுதிய பொய்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு உண்மை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடக் குனிந்தேன். அக்கா படிவத்தின் மேல் கையை வைத்தார்.

"பின்னால பாத்துட்டுப் போடுங்க பாய்."