அச்சகத்துக்கு மேலே ஒரு வீடு

சிராங்கூன் சாலையில் இன்று ஒரு பட்டறையைக் கடக்கையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கீழே அப்பாவின் பத்திரிகை அச்சகமும் மேலே எங்கள் குடியிருப்புமாக இருந்த, இப்போது இல்லாத அந்தக் கடைவீடு நினைவுக்கு வந்தது. அச்செழுத்துகளை மண்ணெண்ணெயில்தான் கழுவுவார்கள். இயந்திரம் ஓடினால் மேலே தரைப்பலகை அதிர, தட்டில் ரசம் நடுங்க, நாங்கள் பாட்டுக்குச் சாப்பிடுவோம். பள்ளி விட்டதும் ஒரே மகளான நான் கீழே போய், மை காயாத தாள்களைப் படித்துப் பிழை சொல்வேன். அண்ணன் இறங்கவே மாட்டான்.

ஒரு மதியச் சாப்பாட்டில் அண்ணன், "எனக்குப் பேப்பர் வேணாம்பா, டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றான்.

அப்பா அம்மாவிடம், "அப்ப வித்துடலாம். பாத்துக்க வேற யாரு இருக்கா?" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.